பதினோரு பேருக்கு மட்டும் வெயில்

நான் பந்தை உதைத்தது வெயிலுக்காக. கோப்பைக்காக என்று துரைமார் சொல்வார்கள். மானத்துக்காக என்று எங்கள் லைன் வீடுகளில் சொல்வார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே நானும் சில சமயம் அப்படி நம்பியிருக்கிறேன். ஆனால் பந்து என் காலுக்கு வந்து, எதிரே ஒருவன் மூச்சிரைக்க ஓடிவரும் கணத்தில் எனக்குள் இருந்தது ஒரே நினைப்பு: இதை விட்டால் திங்கட்கிழமை கீழே.

கோலார் தங்க வயலில் வளரும் குழந்தைக்கு மேல், கீழ் என்ற இரண்டு சொற்களும் சோறு, தண்ணீரோடு சேர்ந்தே வந்துவிடும். மேல் வேலைக்காரன் மரக்கிடங்கிலோ பட்டறையிலோ மில்லிலோ வியர்த்துவிட்டுப் பொழுது சாயும்போது வீட்டுக்கு வருகிறவன். கீழ் வேலைக்காரன் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி, கிணறு போன்ற ஷாஃப்டுக்குள் இறங்கிப் பாறையைக் குடைகிறவன். அவன் வருவான் என்று எந்த வீட்டிலும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். வந்த பிறகுதான் உலை வைப்பார்கள்.

எங்கள் மைனில் ஒரு வழக்கம் இருந்தது. அதை யாரும் வாய்விட்டு அறிவித்ததில்லை. மைனின் பந்தாட்டக் கோஷ்டியில் ஆடும் பதினோரு பேரையும் கீழே அனுப்பமாட்டார்கள். கால் நசுங்கக்கூடாது, நெஞ்சில் கல்தூசி அடையக்கூடாது, சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து மைனை ஜெயிக்க வேண்டும். அதற்காக மேல் வேலை. பதினோரு பேருக்கு மட்டும். பன்னிரண்டாவது ஆளுக்கு இடம் கிடையாது. ஒருவன் மேலே வர வேண்டுமானால் ஒருவன் கீழே போக வேண்டும். ஷாஃப்டில் தொங்கும் இரண்டு கேஜுகளும் அப்படித்தான், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், வடம் ஒன்றுதான்.

வட ஆற்காட்டில் ஏரித்தரை வெடித்துக் கிடந்த ஒரு கோடையில் நைனா என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு மலை ஏறி இங்கே வந்தார். எனக்கு முதலில் தெரிந்தது ஊர் அல்ல, சத்தம். கல்லைத் தூளாக்கும் இரும்பு உலக்கைகள் ஸ்டாம்ப் மில்லில் வரிசையாக, இராப்பகலாக இடிக்கும். அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு களி கிண்டினாள். கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் மில் பழுதாகி நின்றபோது, எல்லாரும் பயந்துபோய் வெளியே வந்து தெருவில் நின்றார்கள். அந்த அமைதியில் குழந்தைகள் அழுதன. எங்கள் வீடு மூங்கில் தட்டி. இடப்பக்கத்துக்காரர் மூச்சு வாங்குவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் சண்டை போடுவது வலப்பக்கத்துக்காரருக்குக் கேட்கும். அதற்குத் தீர்ப்பும் அங்கிருந்தே வரும்.

பந்து எப்படி வந்தது? துரைமாரோடு வந்தது. அவர்களில் பலர் சீமையில் ஏதோ கடலோரத்து வெள்ளீயச் சுரங்கங்களிலிருந்து வந்தவர்கள். எங்களைப் போலவே தோண்டிப் பிழைத்தவர்கள்தான், இங்கே வந்து துரையானவர்கள். சனிக்கிழமை தோறும் அவர்கள் தங்களுக்குள் ஆடுவார்கள். பந்து வேலி தாண்டி லைன் பக்கம் விழும். நாங்கள் அதைத் திருப்பி உதைப்போம். உதைத்த பிறகு கால் சும்மா இருக்கவில்லை. கசாப்புக்காரரிடம் மாட்டின் மூத்திரப்பையைக் கேட்டு வாங்கி ஊதிக் கட்டி, அதன்மேல் பம்புத் தோலைப் போர்த்தித் தைத்தோம். சுரங்கத் தண்ணீரை இறைக்கும் பம்புக்குள் ஒரு தோல் வளையம் உண்டு, தேய்ந்தால் வீசிவிடுவார்கள். அதை ஆமணக்கெண்ணெயில் ஊறவைத்தால் பதமாகும். எங்கள் பந்தில் எப்போதும் கீழ்நாற்றம் அடித்தது.

மைதானம் என்று நாங்கள் சொன்னது, மில்லில் அரைத்துத் தள்ளிய வெள்ளை மண்ணைக் கொட்டி நிரவிய இடம். மண் என்பதுகூடப் பொய், கண்ணாடித் தூள். முதல் வருஷம் முழுக்க உள்ளங்காலில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பிறகு தோல் மரப்பட்டை போலானது. அதற்கும் பிறகு, எப்படிச் சொல்வது, அந்தப் பட்டைக்குள்ளிருந்து ஒரு புதிய உணர்வு வந்தது. எங்கே ஈரம், எங்கே வழுக்கும், எங்கே பந்து எகிறும் என்று கண்ணுக்கு முன்பே பாதத்துக்குத் தெரிந்துவிடும்.

மீசை அரும்பியதும் என்னைக் கீழே சேர்க்க நைனா மேஸ்திரியிடம் பேசியிருந்தார். அவர்தான் ஆளெடுக்கிறவர், கோஷ்டிக்கும் அவரே பொறுப்பு. ஒரு சனிக்கிழமை நான் ஆடுவதை அவர் நின்று பார்த்தார்.

"உம் புள்ள கால் எங்கய்யா இதக் கத்துக்கிச்சு?"

"எங்கயும் கத்துக்கல மேஸ்திரி. செருப்பு வாங்கிக் குடுக்க எனக்கு வக்கில்ல, அதான்" என்றார் நைனா.

அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரி என் பெயரை மேல் வேலை வரிசையில் கூப்பிட்டார். மரக்கிடங்கு. சுரங்கக் கூரைக்கு முட்டுக் கொடுக்கும் மரங்களை அறுத்து அடுக்க வேண்டும். அதே வரிசையில் நின்ற ஒருவர், எனக்கு முன்னால் சென்டரில் ஆடிக்கொண்டிருந்தவர், தன் பெயர் வருமென்று காத்து நின்றார். வரவில்லை. அவருக்குக் கணுக்கால் தளர்ந்துபோயிருந்தது, எல்லாருக்கும் தெரியும். அவர் வரிசை மாறி நின்றார். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சாம்பல் பூசியது போல் தூசி.

"உன் மேல கோவம் இல்லடா. ஆனா நீ காயறது என் வெயிலு. அத்த மறந்துடாத."

மறக்க விட்டால்தானே. இரண்டாவது மழைக்காலத்தில் ஒருநாள் நாங்கள் மைதானத்தில் ஆடிப் பழகிக்கொண்டிருந்தபோது, நடுவில் அசையாமல் கிடந்த பந்து தானாக ஒரு சாண் நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் காலடியில் அதிர்வு வந்தது. ஆழத்தில் பாறை வெடித்தால் அப்படித்தான், பூமி பல்லைக் கடிப்பது போல. ஏர் பிளாஸ்ட் என்போம். லைனிலிருந்து பெண்கள் ஷாஃப்டை நோக்கி ஓடினார்கள். ஓடும்போது ஒருத்தியும் அழமாட்டாள். யார் பெயர் என்று தெரிந்த பிறகுதான் அழுகை. அன்று தெரிந்த பெயர்களில் அவருடையதும் இருந்தது. சனிக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. நான் ஒரு கோல் போட்டேன். எல்லாரும் கத்தினார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் "ஆடப் போகிறான்" என்று சொல்லமாட்டார்கள். நைனா கண்டிப்பாக இருந்தார்.

"ஆட்டம்னு சொல்லாதடா. வேலைக்குப் போறேன்னு சொல்லு. ஆட்டம்னு சொன்னா நாளைக்கு நிறுத்திடுவானுங்க."

பகல் ஷிஃப்ட் முடிந்த சனிக்கிழமைகளில் நேராக மைதானத்து மேட்டுக்கு வந்து உட்காருவார். கோஷ்டி ஜெயிக்கிறதா தோற்கிறதா என்று அவர் கவனித்ததே இல்லை. நான் கீழே விழுந்தால் எழுகிறேனா என்று மட்டும் பார்ப்பார். எழுந்ததும் ஒரு பீடி பற்றவைப்பார். ஒரு மாரிக்காலத்தில் கல்தூசி அடைந்த அவர் நெஞ்சு நின்றுபோனது. வெடிப்பும் இல்லை, விபத்தும் இல்லை. தூங்கினவர் தூங்கியபடியே.

எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் அடுத்த லைன். வாயாடி. முதல் வாரமே சொல்லிவிட்டாள்:

"ஊர்ல எல்லாரும் ஆம்பளையக் கட்டிக்கிறாங்க. நான் ரெண்டு காலக் கட்டிகினு வந்துகீறேன். மிச்சம் ஒடம்பு இன்னா ஆனா எனக்கு இன்னா?"

விளையாட்டுக்குச் சொன்னாலும் அப்படியேதான் நடந்துகொண்டாள். தினமும் சாயங்காலம் விளக்கெண்ணெய் காய்ச்சி முட்டியிலிருந்து பாதம்வரை தேய்ப்பாள். ஆட்டுக்கால் கிடைத்தால் எனக்கு மட்டும் சூப்பு. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "இன்னாம்மா, புருஷன் காலுக்கு சூப்பு, மாமியாருக்குக் கஞ்சித் தண்ணியா?" அம்மாவே சிரித்துவிடுவாள். ஆனால் இவள் சிரிக்கமாட்டாள். இவளுடைய அப்பன், அண்ணன் இருவரும் கீழே போனவர்கள். இருவருமே இப்போது உயிரோடு இல்லை. ஏன் இந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

நல்ல வருஷங்கள் வரத்தான் செய்தன. கோலுக்கு நடுகிற கம்பங்கள் எங்கள் கிடங்கு மரங்கள்தான். சனிக்கிழமை நட்டு, ஆட்டம் முடிந்ததும் பிடுங்கி, திங்கட்கிழமை சுரங்கத்துக்குள் அனுப்பிவிடுவோம். நான் கோல் அடித்த மரங்கள் எத்தனையோ கூரைகளை எங்கோ தாங்கி நிற்கின்றன, அல்லது தாங்க முடியாமல் நொறுங்கிவிட்டன. அதை நினைத்தால் இரவில் கொஞ்சம் என்னவோ செய்யும்.

அப்புறம் பிளேக் வந்தது. லைன்களைக் காலி செய்து எல்லாரையும் வெளிக்காட்டில் குடிசை போடச் சொன்னார்கள். ஆட்டங்கள் நின்றன. ஆட்டம் இல்லாதபோது ஆட்டக்காரன் எதற்கு? எங்களில் ஒன்பது பேரைக் கீழே அனுப்பினார்கள். நான் தப்பினேன், ஏனென்றால் சவப்பெட்டிக்குப் பலகை அறுக்கக் கிடங்கில் ஆள் தேவைப்பட்டது. பிளேக் ஓய்ந்து ஆட்டம் தொடங்கியபோது, போனவர்களைத் திரும்ப மேலே கூப்பிட்டார்கள். வந்தார்கள். பாதி மைதானம் ஓடி, இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றார்கள். ஒருவர்பின் ஒருவராக மறுபடி இறங்கினார்கள். பழைய கோஷ்டியில் மிஞ்சியது நானும் கோல்கீப்பரும்.

கோல்கீப்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். மாதா கோயிலுக்குப் போகிறவர், நெட்டையான ஆள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஷாஃப்ட் வடத்துக்குக் கொழுப்பு தடவுவது அவர் வேலை. எங்கள் வயலில் அவரைப்போலப் பந்தைப் பிடித்தவர் இல்லை. பந்து அவரிடம் போகிறதா, அவர் கையிலிருந்து புறப்பட்டு வந்ததா என்று சந்தேகம் வரும். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். அவர் வீட்டில் வரிசையாகப் பெண் குழந்தைகள்.

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் நாங்கள் கோப்பை ஜெயித்த சாயங்காலம், கப்பலிலிருந்து இறங்கி அதிக நாளாகாத எங்கள் துரை என்னைக் கூப்பிட்டார். வெறுங்கால்களைப் பார்த்தார். ஏதோ சொல்லித் தலையாட்டினார். மறுநாள் அவருடைய பூட்ஸ் ஜோடி ஒன்றைப் பட்லர் கொண்டுவந்து கொடுத்தான். அவரே சீமையில் போட்டு ஆடியது. கறுப்புத் தோல், அடியில் மண்ணைக் கவ்வுவதற்குக் குட்டித் தோல்கட்டைகளை அறைந்திருந்தார்கள்.

லைனுக்குத் திருவிழா. துரை தன் காலில் போட்டதை எங்கள் ஆளுக்குக் கொடுத்திருக்கிறார்! வெற்றிலைத் தட்டில் பூட்ஸை வைத்து, அதன் முனையில் குங்குமம் வைத்து, பறை அடித்து எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கோல்கீப்பர் பின்னாலேயே வந்தார்.

"பூட்ஸுக்குப் பொட்டு வச்சாச்சு. பந்துக்கு இன்னா, பொங்கல் வைக்கப் போறீங்களா?"

என் மனைவி மட்டும் அதைத் தொடவில்லை. கூட்டம் கலைந்ததும் ஒன்றைக் கையில் எடுத்து எடைபார்த்தாள்.

"இத்த மாட்டிகினு எப்படிய்யா ஓடுவ? உன் பாதத்துக்கு ரெண்டு பாதம் உள்ள போவும். துணி அடச்சாலும் ஆடும்."

"துரை குடுத்தது."

"குடுத்தா? பரண்ல வை. சாமி மாதிரி கும்புட்டுக்க. கால்ல போடாத."

மறுநாள் மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "சனிக்கிழமை துரை நாற்காலி போட்டுகினு ஒக்காருவாரு. அவரு பாக்கப்போறது பந்த இல்லப்பா, பூட்ஸ. வேணாம்னு சொல்லணும்னா நீயே போய்ச் சொல்லு. என்ன இட்டுகினு போவாத."

யாரும் போகவில்லை. துரை கொடுத்ததை வேண்டாமென்று சொல்லும் வாய் எங்களில் ஒருவருக்கும் இல்லை. அப்படிச் சொன்னால் என்ன ஆகுமென்றும் தெரியாது. சொல்லிப் பார்த்தவர்கள் இல்லையே. பூட்ஸுக்குள் கிழிசல் துணியை அடைத்துக்கொண்டு சனிக்கிழமை மைதானத்தில் இறங்கினேன். அன்று காலையில் தூறல். என் பாதம் பூமியை இழந்துவிட்டது. எங்கே ஈரம் என்று தெரியவில்லை, எங்கே வழுக்கும் என்று தெரியவில்லை. ஊமையின் கையைப் பிடித்துக்கொண்டு குருடன் நடப்பது போல. துரை நாற்காலியில் கைதட்டினார். இடைவேளைக்குப் பிறகு இடதுபக்கம் வந்த பந்துக்குத் திரும்பினேன். உடம்பு திரும்பியது. தோல்கட்டை ஈர மண்ணில் பதிந்துபோய், கால் திரும்பவில்லை. முட்டிக்குள் ஈரக்குச்சி முறிவது போல ஒரு சத்தம். மில் சத்தத்தையும் மீறி எனக்கு அது கேட்டது.

பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து கட்டுப் போடும் வைத்தியர் ஒருவரை மாட்டு வண்டியில் அழைத்துவந்தார்கள். முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அந்த வருஷ அடைமழையில் ஆட்டங்கள் நின்றுபோனதால், வெறும் சறுக்கல், சுளுக்கு என்று மேஸ்திரியிடம் சொல்லிச் சமாளித்தோம். கட்டைப் பிரித்த அன்று வைத்தியர் முட்டியை மடக்கிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார்.

"நடீத்தீயப்பா. ஓடக்கெ ஆகல்ல" என்றார் கன்னடத்தில். நடப்பாய், ஓட முடியாது. என் மனைவிக்குக் கன்னடம் அவ்வளவாக வராது. ஆனாலும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கோல்கீப்பர் அன்றைக்கே வந்தார். வந்து உட்கார்ந்து, முட்டியைத் தட்டிப் பார்த்து, தீர்மானமாகச் சொன்னார்.

"நீ கோல்ல நில்லு. நான் முன்னால ஓடறேன்."

"உனக்கு ஓடத் தெரியுமாண்ணே?"

"நின்னு நின்னு கால் வேர் விட்டுடுச்சு. கொஞ்சம் ஓடித்தான் பாக்கறேன். நீ கம்பத்துக்கு நடுவுல சும்மா நில்லு, மத்தவங்க மறைச்சுக்குவாங்க."

மற்றவர்களும் சரி என்றார்கள். கால் போனவனைக் கோலுக்குள் ஒளித்துவைப்பது கோஷ்டிகளுக்குள் நடப்பதுதான். இன்றைக்கு அவன், நாளைக்கு நான் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். இரண்டு பேர் என் முன்னால் சுவர்போல நின்றார்கள். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் ஆட்டம் எப்படியோ ஜெயித்தோம். அடுத்தது சமம். அதன்பின் தோற்கத் தொடங்கினோம்.

தோல்விகூடப் பரவாயில்லை. அவர் ஓடுவதைப் பார்ப்பதுதான் தாங்கவில்லை. அவ்வளவு அழகாகப் பந்தைப் பிடித்த மனிதர், பந்து தன்னை நோக்கி வந்ததும் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிவிடுவார். கையால் தொட்டதற்குத் தண்டமாக எதிராளிக்குப் பந்து போகும். ஒவ்வொரு முறையும் மேட்டிலிருந்து சிரிப்பு.

"டேய், கோழி புடிக்கிறான் பாருடா!"

"ஐயா, இது மாதா கோயில் இல்ல, கைய கூப்பிகினு நிக்காத!"

அவரும் சிரித்துக்கொண்டே ஓடுவார். நான் கம்பத்தைப் பிடித்தபடி தூரத்தில் நின்று பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"துரை கேட்டாரு. அந்த நெட்டையன் யாரு, பந்தப் பாத்தா பயந்து கைய நீட்டறான், அவன எதுக்கு வச்சுகினு கீறீங்கன்னு. நாளைக்கு அவன் பேரக் கூப்பிடமாட்டேன்."

"மேஸ்திரி, அது..."

"எனக்குத் தெரியும்பா. எல்லாருக்கும் தெரியும், துரைக்குத்தான் தெரியாது. பதினோரு பேர்ல ஒருத்தன் எறங்கணும். யாருன்னு எனக்கு ஒண்ணுதான்."

அவர் போன பிறகு என் மனைவி அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடி, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"கால் போச்சுன்னு நீ வாயத் தொறந்தா போதும்னு நெனைக்கற, இல்ல?"

"அவருக்கு அஞ்சு பொண்ணு."

"எனக்கு இன்னா, அஞ்சு புருஷனா?" என்றாள். குரல் உடையவில்லை. நெருப்பைக் கிளறினாள். "எங்கப்பன் போனான், எங்கண்ணன் போனான். நான் தெனம் எண்ண தேய்ச்சது இதுக்கா? அவர வான்னு நீ கூப்ட்டியா? தானாத்தான வந்தாரு?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எழுந்து கோல்கீப்பர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு விஷயம் எட்டியிருந்தது. கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு வர்ற? போனாப் போவுது. கீழ மழை பெய்யாதாம். வருஷா வருஷம் கூரைக்குப் புல்லு மாத்தற செலவு மிச்சம்."

சொல்லிவிட்டுக் குழந்தையின் தலையைத் தொடர்ந்து பார்த்தார். விரல்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தன. அந்த விரல்களைப் பார்த்தபின் நான் அங்கே உட்காரவில்லை.

திங்கட்கிழமை மேஸ்திரி வாய் திறக்கும் முன் வரிசையை விட்டு வெளியே வந்தேன். வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கினேன். "கால் போச்சு மேஸ்திரி. ரொம்ப நாளாச்சு" என்றேன். பின்னால் நின்ற கோல்கீப்பர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் முடிந்திருக்காது.

டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் முட்டியை அமுக்கினார். கம்பவுண்டர் தமிழில் கேட்டார்.

"நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"சுமப்பியா?"

"சுமப்பேன்."

"குனிவியா?"

"குனிஞ்சா எழுந்திரிக்க நேரமாவும்."

"நேரமானா பரவால்ல" என்றார் கம்பவுண்டர். ஓட முடியாதது அங்கே ஒரு நோயில்லை. கீழ் வேலைக்குத் தகுதி.

ஒரு பந்தாட்டக்காரன் ஓய்வு பெறுவது அவ்வளவுதான். மாலை இல்லை, பேச்சு இல்லை. மெழுகுவர்த்தி ஒன்றைக் களிமண்ணில் ஒட்டித் தொப்பியில் வைத்துக்கொடுத்தார்கள். கேஜ் விழத் தொடங்கியதும் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தான். "ஐயோ, கோல் மேல கோல் போட்டவரு, பயப்படறாரே." எத்தனையாவது லெவல், எவ்வளவு ஆழம் என்று நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி உலை வைத்திருக்கவில்லை. என்னைப் பார்த்தபின்தான் அரிசி களைந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

கோல்கீப்பர் தன் கம்பங்களுக்கு நடுவே திரும்பினார். என் இடத்துக்கு வெறுங்காலோடு ஒரு புது ஆள். கோஷ்டி மறுபடி ஜெயித்தது என்று ஷிஃப்ட் மாறும்போது கேள்விப்படுவேன். ஒரு வருஷம் போல அப்படி ஓடியது. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு அந்தத் துரை வேறு தங்க வயலில் பெரிய வேலை கிடைத்துப் போனார். அடுத்து வந்தவருக்குப் பந்து பிடிக்காது. அவருக்குக் குதிரை. நன்றாகத் திடமாக இருக்கும் பதினோரு பேர் பகல் வெளிச்சத்தில் எதற்கு மரம் அறுத்துக்கொண்டும் கொழுப்பு தடவிக்கொண்டும் நிற்கிறார்கள் என்று கேட்டாராம். அடுத்த திங்கட்கிழமை மேல் வேலை வரிசையில் பதினோரு பெயர்களையும் கூப்பிடவில்லை. பதினோரு பேரும் ஒரே கேஜில் இறங்கினார்கள்.

கோல்கீப்பரை எங்கள் லெவலுக்கு அனுப்பியிருந்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த நெட்டை உருவம் தலையைக் குனிந்துகொண்டு வருவது தூரத்திலேயே தெரிந்தது. கூரை அவருக்குத் தாழ்வு. பக்கத்தில் வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னாடா, இங்க கோல் எந்தப் பக்கம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

பாறையில் வெடி வைக்கக் குழி போட இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உளியைப் பிடிப்பான், ஒருவன் சம்மட்டியால் அடிப்பான். ஒவ்வோர் அடிக்கும் பிறகு பிடிக்கிறவன் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாறையில் சிக்கிவிடும். அடிக்கிறவன் ஒரு விரற்கடை தவறினால் பிடிக்கிறவனுக்குக் கை இல்லை. முட்டியை ஊன்றி என்னால் சம்மட்டி வீச முடியாது. அதனால் நான் உட்கார்ந்து உளியைப் பிடித்தேன். அவர் சம்மட்டியைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார்.

"இன்னாண்ணே?"

"உன் கைடா."

"படாது."

"பட்டுதுன்னா?"

"படாதுண்ணே. அடி."

மெதுவாக அடித்தார். உளி கொஞ்சம்கூட இறங்கவில்லை. "இப்படி அடிச்சா நம்ம பேரப்பசங்க வந்துதான் குழிய முடிக்கணும்" என்றேன். இரண்டாவது அடி விழுந்தது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை அதிர்ந்தது. உளியைத் திருப்பினேன். மூன்றாவது அடியில் வெள்ளைத் தூசி கிளம்பி இருவர் முகத்துக்கும் நடுவே நின்றது. அது அடங்கக் காத்திருக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு அவர் மறுபடி தூக்கினார்.